வானொலி விட்ட பேர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் வீட்டுக்கு வீடு நெத்திலி சம்பல் வதங்கும் வாசனையோடு வானொலியின் ஒரே குரலும் வரும். குழாயடிக்குப் போய்த் திரும்பும்வரை பாட்டில் ஒரு வரிகூட விடாமல் கேட்டுக்கொண்டே நடக்கலாம். பாட்டு முடிந்து 'பொறந்தநாள் வாழ்த்து' தொடங்கியதும் கரண்டிச் சத்தமெல்லாம் நின்றுவிடும். கைப்பேசியில் கோடிப் பாட்டு இருக்கும்போது வானொலி எதற்கு என்று கேட்கிறவர்கள் முதலில் இதைக் கேட்டுவிட்டுப் பேசட்டும்.

எனக்குப் பத்து வயது ஆனபோது அம்மா வானொலிக்கு வாழ்த்து எழுதிப் போட்டார். ஈப்போவை ஒட்டிய எங்கள் தோட்டத்து உறவுகள் முதல் தஞ்சோங் மாலிம் சித்தப்பாவரை என்னை வாழ்த்துகிற எல்லார் பேரும் அதில் இருந்தன. வாசித்தவருக்கு என்ன அவசரமோ, கடைசிப் பேரை விட்டுவிட்டு 'மற்றும் உற்றார் உறவினர்' என்று முடித்துவிட்டார். அந்தக் கடைசிப் பேர், சுங்காய்ப் பக்கம் கல்லாத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்துக்கொண்டிருந்த ராசம்மா பெரியம்மாவுடையது. அம்மாவின் ஒரே அக்கா, அம்மாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவர்.

அந்தத் தீபாவளிக்குப் பெரியம்மா வரவில்லை. அம்மா முறுக்கை டின்னில் அடைத்துக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார். "எழுதித்தான்க்கா போட்டேன், அவங்க படிக்காம விட்டா நான் என்ன செய்வேன்?" என்று அம்மா கெஞ்சியதற்குப் பெரியம்மா மசியவில்லை.

"தோட்டமே கேட்டுச்சுலா! கொழாயடியில அவளுங்க என்னைய ஒரு மாதிரி பாத்தாளுங்க. இப்ப வந்து என் காதுல மட்டும் சொன்னா ஆச்சா?"

முறுக்கு டின் திறக்கப்படாமலே எங்களோடு திரும்பியது. இனி அக்கா உறவே இல்லையென்று அம்மா வழியெல்லாம் அழுதார். எனக்கு அப்போது பெரியம்மாமேல் ஆத்திரமாக வந்தது; இன்று அவர் பக்கம்தான் பேசுவேன். ஊர் கேட்கப் பட்ட அவமானத்துக்கு மருந்தும் ஊர் கேட்கத்தான் தரவேண்டும்.

அடுத்து வந்தது தம்பியின் பிறந்தநாள். தாத்தா பாட்டியையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு அம்மா பெரியம்மாவின் பேரை முதலில் எழுதினார். "பெரியவங்க இருக்க, அவ பேரா முதல்ல?" என்று அப்பா முணுமுணுத்ததைக் காதில் போட்டுக்கொள்ளவேயில்லை. வானொலி அன்று ஒழுங்காக வாசித்தது. மத்தியானமே பெரியம்மா ஒரு நாட்டுக்கோழியோடு வாசலில் வந்து நின்றார். "கேட்டேன்" என்றார், அவ்வளவுதான். அம்மா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டதில் கோழி கைநழுவி லயம் முழுக்க ஓடியது.

எந்தச் செயலி இதைச் செய்யும், சொல்லுங்கள்? நான் கேட்டதை என் காதுக்கு மட்டும் ஊட்டிவிட்டு அது சும்மா இருக்கும். அதனால் யாரும் கோபித்துக்கொண்டு போவதில்லை, யாரும் கோழியோடு வருவதுமில்லை.

இப்போது அம்மா இல்லை. லயங்களை இடித்துவிட்டார்கள். கல்லாத்துத் தோட்டத்தில் ரப்பரை அழித்து எண்ணெய்க்கான செம்பனை நட்டு, பேரும் மாறிவிட்டது. சிம்பாங் பூலாயில் மகள் வீட்டில் இருக்கும் பெரியம்மாவுக்கு ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நான்தான் வானொலிக்கு வாட்சாப்பில் வாழ்த்து அனுப்புகிறேன், 'கல்லாத்துத் தோட்டம் ராசம்மா' என்றே. இந்த வருடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டோம்.

"அந்தத் தோட்டமே இப்ப இல்லையே லா, எதுக்குப் பாட்டி அந்தப் பேரு?" என்று என் மகன் சிரித்தான்.

பெரியம்மா ரேடியோவின் சத்தத்தை இன்னும் கூட்டினார். "இல்லன்னு நீ சொல்லாத. இப்பத்தானே பேரு சொன்னாங்க, நாடே கேட்டுச்சு."