உள்ளங்கைச் சீனி

அன்று அந்த மாடி அறையில் இருந்தவர்கள்: அப்பா, அம்மா, அப்பாவின் தங்கையான அத்தை, நான், பிறகு வந்த மாப்பிள்ளை, அவருடைய அம்மா. ஆறு பேர். நாற்காலி மூன்றுதான்.

ஹட்டனில் துரைமார் தங்குவதற்கென்று கட்டிய பழைய ஹோட்டல் அது. மரப்படிகள் அப்படியே இருந்தன. வாடகை மட்டும் எங்கள் கைக்கு எட்டுகிற அளவுக்கு இறங்கியிருந்தது. டயகமவில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் ஒற்றைக் காம்பராவைப் பார்த்துவிட்டு இரண்டு இடத்தார் அத்தையை வேண்டாமென்று போய்விட்டார்கள். இந்த மாப்பிள்ளை கொழும்புக்காரர் என்று தரகர் சொன்னதும், அப்பா பாதி வாடகையைக் கொடுத்து முதல் நாளே எங்களை அங்கே கொண்டுவந்து வைத்துவிட்டார். வெள்ளை விரிப்பு அழுக்காகிவிடுமென்று அம்மா கட்டிலில் யாரையும் படுக்க விடவில்லை. தரையில்தான் படுத்தோம்.

லயம் என்ற சொல் என் வாயில் வரக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. அதுவரை நினைத்தே பார்க்காத சொல், அன்று விடிந்ததிலிருந்து நாக்கு நுனியிலேயே உட்கார்ந்திருந்தது. அம்மா தன் பங்குக்கு, "இன்னைக்கு மட்டும் சீனியக் கையில கொட்டிக்கிட்டு தேத்தண்ணி குடிக்காத பாப்பா" என்றாள். லயத்தில் எல்லோரும் அப்படித்தான் குடிப்போம். அவர்கள் வருவதற்குள் நான்கு தடவை கக்கூசுக்குப் போய்வந்தேன்.

வந்தார்கள். தேநீரும் தனிக் கிண்ணத்தில் சீனியும் வந்தன. நாங்கள் எல்லோரும் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தோம். மாப்பிள்ளையின் அம்மா ஒரு கரண்டிச் சீனியை எடுத்து, ஏதோ நினைவாக இடது உள்ளங்கையில் கொட்டி, நக்கிக்கொண்டு ஒரு மிடறு குடித்தார்.

"நீங்களும் லயமா?" என்று கேட்டுவிட்டேன்.

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். அந்த அம்மா தன் கையையே பார்த்தார். "ஆமா புள்ள, றொசல்ல தோட்டத்துல. மகன் கொழும்புல கடையில நிக்கிறான், அவ்வளவுதான். ஒங்க வீட்டுக்கு வந்தா, எங்க வீட்டையும் பாக்கணும்பீங்களேன்னுதான் ஹோட்டலுக்குச் சரின்னேன்."

நான் ஓடிப்போய்க் கக்கூசுக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். வெளியே முதலில் அத்தை சிரித்தாள், பிறகு எல்லோரும். கல்யாணத்தை நான் கெடுத்ததற்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. கதவைத் திறந்தபோது அம்மாவின் உள்ளங்கையிலும் சீனி இருந்தது.

மீதி வாடகையைத் தானே தருவதாக மாப்பிள்ளை சொன்னார், அப்பா விடவில்லை. கடைசியில் இருவரிடமும் பஸ்ஸுக்குத்தான் காசு இருந்தது. கல்யாணம் முடிந்து கொடுங்கள் என்றார் ஹோட்டல்காரர். அத்தைக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். அந்த ஹோட்டல் வழியாக பஸ்ஸில் போகும்போதெல்லாம், யாராவது அடையாளம் கண்டுவிடுவார்களோ என்று நான் மட்டும் தலையைக் குனிந்துகொள்கிறேன். இன்னும் பாக்கி எழுநூற்றைம்பது ரூபா.