கோழி இல்லாத வீடு தேடிய பதினான்கு நாள்

கண்ணுகளா, உங்கள் அக்கா நெதர்லாந்துக்குப் போய் ஆறு வாரம் படித்துவிட்டு வந்தது உங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவள் கிளம்புவதற்கு முன்னால் நான் செய்த தப்பு உங்களுக்குப் பாதிதான் தெரியும். நாளைக்கு உங்களுக்கும் இப்படி ஒரு வாய்ப்பு வரும். வர வேண்டும் என்றுதான் நான் பிடிவாதமாக இருக்கிறேன். அதனால் மீதியையும் எழுதி வைத்துவிடுகிறேன். எட்டாவது வரை படித்தவன் எழுத்து. முன்னே பின்னே இருந்தால் சரிசெய்து படித்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் சித்திரை மாதம் நடந்தது. நான் நாமக்கல் பக்கம் ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில் சூப்பர்வைசர். குடியிருப்பும் பண்ணைக்குள்ளேயேதான். ஜன்னலைத் திறந்தால் கோழி, கதவைத் திறந்தால் கோழி. அக்கா அப்போது கால்நடை மருத்துவம் மூன்றாம் வருஷம். அவள் கல்லூரியிலிருந்து இரண்டு பிள்ளைகளை ஆறு வாரப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் கோழி ஆராய்ச்சி செய்யும் இடத்தில் கூடவே இருந்து வேலை கற்றுக்கொள்ள வேண்டும். விமான டிக்கெட்டும் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு.

சொந்தத்தில் ஒரு கல்யாணத்தில் இந்தப் பேச்சு வந்தது. பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பங்காளி ஒருவர், "ஆறு வாரத்துல என்னத்தப் படிச்சுக் கிழிச்சிரப் போறா? இங்க இல்லாத கோழியா அங்க இருக்குது?" என்றார். வரிசையே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. "கோழி இங்கயும் இருக்குதுங்க. அதுக்கு ஒரு நோவு வந்தா என்ன ஏதுன்னு நமக்குத் தெரியறதில்லைங்க. தெரிஞ்சவங்ககிட்டப் போயித் தெரிஞ்சுக்கிட்டு வரட்டும்" என்றேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது. யார் என்ன சொன்னாலும் அனுப்புவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

அடுத்த வாரம் அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. அக்கா அதை எனக்குத் தமிழில் சொன்னாள். ஆராய்ச்சிக்காக நோய் நொடி அண்டாமல் வளர்க்கும் கோழிகள் அவை. அந்த ஷெட்டுக்குள் நுழைய வேண்டுமானால் அதற்கு முந்தைய பதினான்கு நாள் உயிரோடு கோழி இருக்கும் எந்த இடத்திலும் இருந்திருக்கக்கூடாது. கோழி வேலை செய்கிறவர்களையும் நெருங்கக்கூடாது. இருந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் சம்மதம் என்று கையெழுத்துப் போட வேண்டும்.

அவள் போட்டுவிட்டாள். தங்குவதற்கு இடம் தேடும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

நம் சொந்தத்தில் கோழி இல்லாத வீடு ஒன்றைக் கண்டுபிடிப்பது எவ்வளவு பெரிய பாடு என்று அப்போதுதான் தெரிந்தது. உங்கள் பெரிய மாமனுக்குக் கோழிப்பண்ணை. சித்தப்பாவுக்கு முட்டை வியாபாரம். சின்னச் சித்தப்பாவுக்குக் கறிக்கடை. கல்லூரி விடுதியில் இருக்கலாம் என்றால் அங்கே பாடம் நடத்துவதற்கே கோழி வளர்க்கிறார்கள். சங்ககிரியில் லாரி வைத்திருக்கும் பெரியப்பா வீடு தோதாக வரும் என்று போன் பண்ணினேன். "தாராளமா வரட்டும் சாமி, நம்ம ஊட்டுல ஏது கோழி" என்றார். கொஞ்சம் பேசிய பிறகுதான் அவர் லாரி ஏற்றுவது கோழித் தீவனம் என்றும், பண்ணை பண்ணையாகப் போய் இறக்கிவிட்டு வந்து அந்த லாரி நிற்பது அவர் வீட்டு வாசலில்தான் என்றும் தெரிந்தது.

கடைசியில் வெண்ணந்தூரில் இருக்கும் என் தங்கை, அதுதான் உங்கள் அத்தை, கைகொடுத்தாள். அவர்களுக்குத் தறி ஓட்டுகிற பிழைப்பு. ஆனால் அவளிடமும் ஐந்து நாட்டுக்கோழி இருந்தது. அத்தனையையும் பிடித்துக் கூடையில் போட்டு, இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் விட்டுவிட்டு, கோழி அடைந்த கொட்டடியைச் சுண்ணாம்பு போட்டுக் கழுவிவிட்டு, ஒரு வாரம் கழித்துத்தான் அக்காவை வரச்சொன்னாள். அப்படியும் பக்கத்து வீட்டுச் சேவல் ஒன்று தினமும் மதில்மேல் ஏறி எட்டிப் பார்த்தது. அத்தை விளக்குமாற்றோடு காவல் நின்றாள். "இத்தன வருசமா திரும்பிக்கூடப் பாக்காத சேவலுங்ணா. இப்பத்தான் அதுக்கு எங்கூட்டு மேல பாசம் பொத்துக்கிட்டு வருது" என்று போனில் சொல்லிச் சிரிப்பாள்.

எட்டு நாள் நல்லபடியாகப் போனது. ஒன்பதாவது நாள்தான் நான் கெடுத்தேன்.

அன்றைக்குக் காலையில் முட்டை ஏற்றிய வண்டி வெண்ணந்தூர் வழியாகச் சேலம் போவதாக டிரைவர் சொன்னார். ஏற்றி முடித்த கையோடு நானும் ஏறி உட்கார்ந்துவிட்டேன். ஒன்றரை மாதம் பிள்ளையைப் பார்க்க முடியாதே என்ற நினைப்புதான். கிட்டே போகாமல் வாசலிலிருந்தே பார்த்துவிட்டு வந்துவிடலாம், இரண்டு நிமிஷம்தானே என்று எண்ணிக்கொண்டேன். போட்டிருந்தது ஷெட்டுக்குள் போட்ட அதே சட்டை, அதே செருப்பு. தங்கை வீட்டுக்கு வெறும் கையோடு போகும் பழக்கம் இல்லாததால் கையில் ஒரு அட்டை முட்டை வேறு.

அக்கா வாசல் குழாயடியில் குனிந்து துணி அலசிக்கொண்டிருந்தாள். முதுகு என் பக்கம். உள்ளே தறி ஓடிய சத்தத்தில் நான் வந்தது அவளுக்குக் கேட்கவில்லை. எட்டு நாளில் இளைத்துப்போனது போல் தெரிந்தாள். கிட்டே போகக்கூடாது என்று நினைத்து வந்தவன், போய் அவள் தலையில் கையை வைத்துவிட்டேன்.

திரும்பிப் பார்த்தாள். முதலில் சிரித்தாள். அப்புறம் என் சட்டையைப் பார்த்தாள், முட்டை அட்டையைப் பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. மதில் ஓரமாகப் பின்னால் நகர்ந்து போனாள்.

"அங்கயே நில்லுங்கப்பா" என்றாள்.

அதற்குள் அத்தை வெளியே வந்துவிட்டாள். "ஏனுங்ணா, ஒரு சேவலுக்கு நான் எட்டு நாளா காவல் காக்கறேன். நீங்க முழுப்பண்ணையையும் சட்டையில ஒட்டிக்கிட்டு வந்து நிக்கறீங்க" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. எனக்குத்தான் முகம் சுண்டிப்போனது. பெற்ற பிள்ளையைத் தொட்டதற்கு இவ்வளவு பேச்சா என்று கோபம்கூட வந்தது.

அக்கா தலைக்குக் குளித்துவிட்டு வந்து ஜன்னலுக்கு உள்ளே நின்றாள். நான் தெருவில் நின்றேன். இதை அவர்களுக்கு இன்றைக்கே எழுதிச் சொல்ல வேண்டும் என்றாள்.

"எழுதினா உன்னைய வேண்டாம்னு சொல்லிட்டா என்ன பண்ணுவ? தலையைத்தான தொட்டேன். குளிச்சாச்சு. யாருக்குத் தெரியப்போகுது சாமி?" என்றேன்.

"யாருக்கும் தெரியாதுங்கப்பா. இங்க வந்து பாக்கறதுக்கு அவங்க ஆள் வெச்சிருக்காங்களா? நான் சொல்றதத்தான் நம்பியிருக்காங்க. அதனாலதான் சொல்லோணும்."

"போவோணும்னு ஆசை இல்லையா உனக்கு?"

"நிறைய இருக்குதுங்கப்பா" என்றாள். ஜன்னலைச் சாத்தினாள். அன்றைக்குச் சாயங்காலமே எழுதி அனுப்பிவிட்டாள். "என் தகப்பனார் பண்ணையிலிருந்து நேராக வந்தார், என்னைத் தொட்டார், தப்பு நடந்துவிட்டது" என்று உள்ளது உள்ளபடி.

அங்கே சனி ஞாயிறு விடுமுறை. பதில் வர மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாள் நான் பட்ட பாட்டை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கல்யாணப் பந்தியில் சிரித்த முகங்கள் எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்துபோயின. அவர்கள் யாரும் அவளைத் தடுக்கவில்லை. அனுப்பியே தீருவேன் என்று நின்ற நானே தடுத்தேன். உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. வழக்கம்போல் தட்டை வைத்துச் சோறு போட்டாள்.

இரண்டாவது நாள் தீவன லாரி வந்தது. டிரைவர் புது ஆள். பண்ணை வாசலில் மருந்துத் தண்ணீர் தொட்டி இருக்கிறதே, அதில் கால் நனைக்காமல் உள்ளே நடந்தார். நான் வழக்கம்போல் மறித்தேன்.

"ஏனுங்க, சீட்டுல ஒரு கையெழுத்து வாங்கோணும். ரெண்டு நிமிசம்தானுங்க" என்றார்.

அதே வார்த்தை. நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். இருபது வருஷத்துக்கு மேலாக இந்த வாசலில் நின்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேன். ஒரு தடவை பண்ணை முதலாளியின் மருமகனையே நனைத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். இந்த வேலையில் எனக்குப் பெருமையே அதுதான். நம் கோழிக்கு ஒன்று என்றால் விட்டுக்கொடுக்காதவன், கடல் தாண்டி இருக்கிறவர்களின் கோழி என்றதும் அதை வெறும் தாளாக நினைத்துவிட்டேன். எங்கேயோ இருக்கிற ஒரு ஆள் தன் வாசலில் இப்படித்தானே என்னை மாதிரி நிற்பான் என்று தோன்றவில்லை.

"என்னங்க, அப்படிப் பாக்கறீங்க? நனைச்சுட்டே வாரேனுங்க" என்று டிரைவர் தொட்டிக்குத் திரும்பிப் போனார்.

மூன்றாம் நாள் மாலை அக்கா போன் பண்ணினாள். பதில் வந்துவிட்டது. வரலாம். ஆனால் நான் தொட்ட நாளிலிருந்து கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். அங்கே போய்ச் சேர்ந்த பிறகும் எட்டு நாள் கோழி ஷெட் பக்கமே போக முடியாது. அதுவரை முட்டைகளைச் சோதிக்கும் அறையில் வேலை. மறைக்காமல் சொன்னதற்கு அங்கே இருக்கிற பேராசிரியை நன்றி எழுதியிருந்தாராம். அவருடைய அப்பாவும் பண்ணைக்காரர்தானாம், இப்படித்தான் அடிக்கடி மறந்துபோவாராம்.

அக்கா அதைச் சொல்லிச் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. அந்த எட்டு நாளுக்குள்தான் அங்கே குஞ்சு பொரிக்கும் நாள் வருகிறது. முதல் நாளிலிருந்து கூட இருந்து எழுத வேண்டும் என்று அவள் ஒரு புது நோட்டே வாங்கி வைத்திருந்தாள். அதைக் கேட்டேன். "மீதி நாள் முழுசா இருக்குதுங்கப்பா. ஞாயித்துக்கிழமையும் போயி நிக்கறேன்னு கேட்டிருக்கேன்" என்றாள்.

கேட்டபடியே செய்தாள். ஆறு வாரத்தில் ஒரு நாள்கூட ஓய்வு எடுக்கவில்லை என்று அந்தப் பேராசிரியை கொடுத்த தாளில் எழுதியிருக்கிறது. முட்டை ஓட்டைத் தடவிப் பார்த்தே கோழிக்கு வெயில் தாக்குகிறதா என்று இப்போது எனக்கே சொல்லித்தருகிறாள். குஞ்சு பொரித்த அந்த ஒரு நாளை மட்டும் அவளுக்குத் திரும்ப வாங்கித்தர என்னால் முடியவில்லை. "ரெண்டு நிமிஷம்தானே" என்று என் வாய் வரைக்கும் வரும்போதெல்லாம் எழுதாத அந்த நோட்டு நினைவுக்கு வந்து என்னை நிறுத்திவிடுகிறது.

இன்னும் ஒன்று இருக்கிறது. இது அக்காவுக்கும் தெரியாது.

அவள் கிளம்பிய அன்றைக்கு, பண்ணையில் முட்டை ஏற்றும் வேலை இருக்கிறது, வழியனுப்ப வரமுடியாது என்று போனில் சொல்லியிருந்தேன். வேலை ஒன்றும் இல்லை. சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றிக் குளித்துவிட்டு, பெட்டியில் இருந்த வேட்டி சட்டையைக் கட்டிக்கொண்டு, ராசிபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் போய் ஒரு பேக்கரி ஓரமாக நின்றேன். அத்தையும் மாமாவும் பெட்டியைச் சேலம் பஸ்ஸில் ஏற்றினார்கள். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் ஸ்டாண்ட் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவேளை அப்பா வந்துவிடுவார் என்று நினைத்தாளோ என்னவோ.

குறுக்கே போனால் இருபது எட்டு இருக்கும். குளித்தாயிற்று, துவைத்த சட்டைதான் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. போய் நின்றால் அவள் மறுபடியும் எழுதுவாள். எட்டு நாள் பதினான்கு நாளாகும். பேக்கரித் தூணைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

பஸ் வெளியே வந்து, திரும்பி, சேலம் ரோட்டில் கண்ணுக்கு மறைந்தது. அதற்குப் பிறகுதான் கையைத் தூக்கி ஆட்டினேன்.