கரகரப்புக்கு யாரும் வைத்தியம் பார்க்காதீங்க

நல்ல சத்தத்தைப் பக்குவமாகக் கெடுப்பதுதான் என் தொழில். எங்கள் ஊர் கணபதியில் பம்ப்செட் பட்டறைகளுக்கு நடுவே உட்கார்ந்து, பழைய ரேடியோவில் எரியுமே அந்தக் கண்ணாடி வால்வை வைத்து, எலெக்ட்ரிக் கிதாரின் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் பெட்டி செய்கிறேன். வால்வு தாங்காத அளவுக்குச் சிக்னலைத் தள்ளினால், அலையின் மண்டை மழுங்கி, சத்தம் கரகரவென்று இனிக்கும். எங்கே, எவ்வளவு மழுங்க வேண்டும் என்பதுதான் சர்க்யூட் வேலை. ஊருக்கு ஆகாத தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு என் பாடு புரியும். மச்சான் மோட்டார் கம்பெனி வைத்திருக்கிறார். "ஆடிக்குள்ள பெரிய ஆர்டர் வரலைன்னா கடையப் பூட்டிப்போட்டு ஆவணியில வந்து சேந்துக்கங்க மாப்ளே" என்று சொல்லிவிட்டார்.

இரும்பு விஷயம்

ஸ்பீக்கருக்கு முந்தி வரும் டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றித் தருபவர் ரங்கசாமி அண்ணன். கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டியே கை காய்த்துப்போனவர். உள்ளே வைக்கும் இரும்பு சின்னதாகவே இருக்கட்டும், அழுத்தி வாசித்தால் அது திணற வேண்டும், அப்போதுதான் கரகரக்கும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். வந்ததைத் தூக்க இரண்டு கை போதவில்லை. வால்யூமை எவ்வளவு முறுக்கியும் அது அசரவில்லை. கரகரப்பில் பாதி காணோம். ஏன் அண்ணா இப்படி என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

"நம்மூட்டுப் புள்ளையாட்ட இருக்கறீங்க, இரும்புல கஞ்சத்தனம் பண்ண மனசு வரலீங்க."

சோமனூர் கரண்ட்

சோமனூரில் தறி ஓட்டுபவர் ஒருவர் என் ஆம்பை ஊரெல்லாம் புகழ்ந்துகொண்டிருந்தார். விசாரித்தால், சுற்றிலும் தறிகள் ஓடுவதால் வோல்டேஜ் சரிந்து, வால்வு அரை வயிற்றோடு வேலை செய்து, மெல்ல வாசித்தாலே கரகரத்திருக்கிறது. பேர் எனக்கு! அப்புறம் தெருவுக்குப் புது டிரான்ஸ்ஃபார்மர் வைத்தார்கள். வோல்டேஜ் நிமிர்ந்தது, சத்தம் சுத்தமாகிவிட்டது. ஆம்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"தறிக்கு நல்ல கரண்ட் வேணும், உங்க பொட்டிக்குக் கெட்ட கரண்ட் வேணும். நான் எங்கீங்க போவேன்?"

பல்லடத்து ஆர்டர்

ஆடி முடிய நாலு நாள் இருக்கும்போது பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர் கூப்பிட்டார். மகனுக்காக இசைப் பள்ளி கட்டியிருந்தார். செய்து வைத்திருக்கும் ஒன்றைக் கொண்டுவாங்க, பிடித்தால் இன்னும் ஐந்து என்றார். இருந்ததிலேயே நல்லதைக் கொண்டுபோனேன். ஸ்பீக்கருக்குப் போகும் சிக்னலில் கொஞ்சத்தை ஒரு ஒயர் வழியாகப் பின்னால் திருப்பிவிட்டால், ஆம்ப் தன் தப்பைத் தானே திருத்திக்கொள்ளும். அந்த ஒயரை நான் வேண்டுமென்றேதான் போடவில்லை. மகன் வாசித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் போனால் கரகரப்பே இல்லை, கண்ணாடி மாதிரி சத்தம். அப்பா, கோயில் திருவிழாவுக்கு மைக்செட் போடுபவரைக் கூட்டிவந்து காட்டியிருக்கிறார். வால்வு செட்டிலேயே ஊறிய மனுஷன். நான் விட்ட ஒயரைச் சரியான இடத்தில், சுத்தமாகப் பற்றவைத்திருந்தார். தொழில் தெரியாதவர் என்று திட்டக்கூட வழியில்லை. மகன் கிதாரைக் கொண்டுபோய் மூலையில் சாத்தினான். அப்பா என் தோளைத் தட்டினார்.

"ஒரு ஒயர மறந்துபோட்டீங்க, மனுசன்னா மறக்கறதுதானுங்க. மீதி அஞ்சையும் இதேமாதிரி தெளிவா செஞ்சு குடுத்துருங்க."

ஐந்திலும் அந்த ஒயரை என் கையாலேயே பற்றவைத்துக் கொடுத்தாயிற்று. கடை பிழைத்துக்கொண்டது, தொழில்தான் போய்விட்டது.