டேப்பின் மிச்சம்

ஊசி போடும் முன் நர்ஸ் என் கையில் ஸ்பிரிட் பஞ்சைத் தடவியதும், நாங்கள் வளர்ந்த சாரம் பகுதியில் இருந்த பாபு அண்ணன் கடை என் மூக்கில் ஏறிவிட்டது. கேட்ட பாட்டுகளைக் காலி கேசட்டில் பதிந்து கொடுக்கும் கடை அது. ஒவ்வொரு கேசட்டுக்கும் முன்னால் ரிக்கார்டரில் டேப் உரசி ஓடும் ஹெட்டை அதே ஸ்பிரிட் பஞ்சால் நிதானமாகத் துடைப்பார். அந்த வாசனையோடு சூடேறிய ஆம்ப்ளிஃபயர் வாசனையும் சேர்ந்து தெருவரைக்கும் வரும்.

புது இசையமைப்பாளர் ஒருவர் வந்து தமிழ்ப் பாட்டின் சத்தத்தையே மாற்றிப்போட்ட வருஷம். டீக்கடை, டெம்போ, கல்யாண வீடு எங்கும் அவர்தான். பாபு அண்ணனுக்கு மட்டும் பிடிக்கவில்லை.

"இதெல்லாம் பாட்டாம்மா? மெஷின் சத்தம்."

"நீங்க பதிஞ்சி மட்டும் குடுங்கண்ணே" என்பாள் அக்கா.

கொடுப்பார். ஆனால் கடைசியில் மிஞ்சும் டேப்பைக் காலியாக விட அவருக்கு மனசு வராது. தனக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்றை அதில் டேப் தீரும்வரை ஓடவிடுவார். வீட்டில் அக்கா கத்துவாள்: "மறுபடியும் சேத்துட்டாரு!"

கடை இப்போது இல்லை. சாயங்காலம் பிரான்சிலிருக்கும் அக்காவை வீடியோ காலில் கூப்பிட்டு இதைச் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே அந்த வருஷத்துப் பாட்டைப் பாடினாள். முடிந்ததும் மூச்சு விடாமல் பாபு அண்ணன் பாட்டுக்குத் தாவி, சரணத்தின் பாதியில், டேப் தீர்ந்த அதே இடத்தில் நிறுத்தினாள்.

"அப்புறம்?" என்றேன்.

"அவ்ளோதான்டி பாட்டு."