கரிமணல் குடியிருப்பில் ஒரு வாளித் தண்ணீர்

கல்யாண வீட்டில் உம்மென்று நிற்கும் மாப்பிள்ளையைக்கூட எப்படியாவது சிரிக்க வைத்துவிடலாம். பாழடைந்த கட்டடத்தைப் பாழடைந்ததாகவே படம் பிடிப்பதுதான் நம் தொழிலில் பெரும்பாடு. கேமரா தூக்கி அலைந்தவர்களுக்கு நான் சொல்லி விளங்க வேண்டியதில்லை.

மட்டாஞ்சேரியில் எனக்கு ஒரு சின்ன ஸ்டூடியோ. சோறு போடுவது கல்யாணப் படங்கள். மனசுக்காக எடுப்பது வேறு. அணுசக்தி வந்தால் வீட்டுக்கு வீடு விளக்கெரியும் என்று எல்லோரும் நம்பிய காலத்தில், கொல்லம் கடற்கரைக் கரிமணலிலிருந்து அணு எரிபொருளுக்கான தாதுவைப் பிரித்தெடுக்க இங்கே ஆற்றோரம் ஓர் ஆலை நடந்தது. அப்பா அங்கேதான் மணல் உலர்த்தினார். ஆலையை மூடி எத்தனையோ வருஷமாகிவிட்டது. மிச்சமிருந்த கட்டடங்களை நான் ஒவ்வொன்றாகப் படமெடுத்து வந்தேன். பழைய மிளகுக் கிடங்கு ஒன்றில் நடக்கவிருந்த 'கைவிட்ட இடங்கள்' கண்காட்சிக்கு அந்த வரிசையைக் கேட்டிருந்தார்கள். ஒரே ஒரு படம்தான் பாக்கி: நான் பிறந்து வளர்ந்த தொழிலாளர் குடியிருப்பு. அதையும் இடிக்க நாள் குறித்தாயிற்று.

கருவி கத்திய இடம்

வெலிங்டன் தீவில் அந்த மணல் மூட்டைகளை அடுக்கி வைத்திருந்த கிடங்குக்குப் போனபோது, கதிர்வீச்சு அளக்கும் கருவி ஒன்றை நண்பனிடம் இரவல் வாங்கிப் போனேன். வீட்டுக்காரிக்குப் பயம். கிடங்குக்குள் அது எப்போதாவது ஒரு தடவை கிட் என்றதோடு சரி. எனக்கே சப்பென்று ஆகிவிட்டது.

திரும்பும் வழியில் கொச்சங்காடியில் ஹம்சா இக்காவின் சாயாக் கடைக்குப் போய் அதை கிரானைட் மேஜையில் வைத்தேன். சனியன், கிடுகிடுவென்று கத்த ஆரம்பித்துவிட்டது. கிரானைட் கல்லில் இதெல்லாம் கொஞ்சம் இருப்பது சகஜம்தான், ஒன்றும் ஆகாது என்று நான் விளக்குவதற்குள் இரண்டு பேர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்கள். இக்கா துணியால் மேஜையைத் துடைத்தபடியே சொன்னார்:

"எடா, குடோன்ல இல்லாத்தது என் கடையில இருக்குன்னு ஊரெல்லாம் சொல்லிராதே, கேட்டியா? முதல்ல அதை எடுத்துப் பையில போடு, சாயா தரேன்."

காவல்காரர்

ஆலைக்குள் போனால் ஆளுயரப் புல். கூரை பாதி இல்லை. அப்பா நின்ற உலர்த்தும் கொட்டகையில் ஓர் ஆலங்கன்று ஜம்மென்று வளர்ந்திருந்தது. கண்காட்சிக்கென்றே செய்து வைத்த மாதிரி இடம். நான் படமெடுக்க எடுக்க, வாசல் காவல்காரர் பின்னாலேயே வந்தார். படத்துக்குக் கீழே என்ன எழுதுவீர்கள் என்று கேட்டார். 'ஆளில்லாத ஆலை' என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"அப்படி எழுதிராதீங்க சாரே. அப்புறம் நான் யாரு?"

பெருக்கித் தெளித்த பாழடைந்த இடம்

புஷ்பம் அக்கா எங்கள் குடியிருப்பில் அடுத்த வீடு. இப்போது மட்டாஞ்சேரியில்தான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடைசிப் படம் எடுக்கப் போகிறேன் என்று வாய் சும்மா இராமல் அவரிடம் சொல்லித் தொலைத்தேன்.

ஞாயிறன்று போய்ப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றியது. பழைய குடித்தனக்காரர்கள் எல்லாம் எனக்கு முன்னால் வந்து, சுவரில் படர்ந்த கொடியைப் பிடுங்கி, பாசியைச் சுரண்டி, பெருக்கி, தண்ணீர் தெளித்துக் கோலமும் போட்டு வைத்திருந்தார்கள். கண்ணாடி போன ஜன்னல்களில் புடவைத் திரை வேறு! அந்தக் கொடியைத்தானே மழைக்காலம் முழுக்கக் காத்திருந்து வளரவிட்டேன்? கத்தியே விட்டேன். அக்கா துடைப்பத்தைக் கீழே வைக்காமலே கேட்டார்:

"படம் எடுக்க ஆள் வருதுன்னா வீட்ட அப்படியேவாடா போட்டு வைக்கிறது? நாலு பேரு பாக்குறதில்லையா?"

சங்கு ஊதாத சாயங்காலம்

கோபத்தில் கேமராவைப் பையில் வைத்துவிட்டேன். அவர்கள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. ஆளுக்கு ஒரு வாளித் தண்ணீரோடு அவரவர் பழைய வாசலில் போய் நின்றார்கள். அந்தக் காலத்தில் சாயங்காலம் ஆலைச் சங்கு ஊதியதும் பெண்கள் அப்படித்தான் நிற்பார்கள். கால் மணலைக் கழுவாமல் எந்த ஆணும் படியேறக் கூடாது என்பது எங்கள் குடியிருப்பின் சட்டம். இப்போதும் யாரும் கேமராவைப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் ஆலை வாசல் பக்கம்தான் இருந்தது.

எங்கள் வீட்டு வாசலில் நிற்க யாருமில்லை. அம்மாவும் போய், அப்பாவும் போய் வருஷங்களாகின்றன. ஆனாலும் அங்கே ஒரு வாளி நிரம்பி இருந்தது. நான் அதைப் பார்ப்பதை அக்கா பார்த்துவிட்டார்.

"நான்தான்டா வெச்சேன். உங்கப்பன் கால் கழுவாம உள்ள வரமாட்டாரே."

அதற்குமேல் எனக்குக் கோபம் எங்கே இருக்கும்? கேமராவை எடுத்து முகத்தை அதற்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அழுதேன். படமும் எடுத்தேன்.

கண்காட்சிக்காரர் சொன்னது

கண்காட்சி நடத்திய பெண் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாக என் பக்கமே தள்ளி வைத்தார்.

"நல்ல படம்தான் சேட்டா. பட்சே இதுல கைவிட்ட இடம் எங்க இருக்கு?"

அந்தப் படம் இப்போது என் ஸ்டூடியோவில் கல்யாணப் படங்களுக்கு நடுவே தொங்குகிறது. கைவிட்ட இடங்களைப் படமெடுக்கப் புறப்பட்ட எனக்கு அப்படி ஓர் இடம் இன்னும் கிடைத்தபாடில்லை.