கம்பிக்கு எந்தப் பக்கம்

திருவருகைக் காலம் ஆரம்பித்த ஞாயிறன்று, தினம் ஒருவரையாவது சந்தோஷப்படுத்துங்கள் என்று பாதர் பிரசங்கம் வைத்தாராம். போனவர்கள் வந்து சொன்னார்கள். என்னால் போக முடியாது. அம்மாவுக்கு மறதி நோய். ஒருமுறை நான் குளித்துவிட்டு வருவதற்குள் கிளம்பிப் போய், பாடாங் மேஹா சாலையில் லாரிகளுக்கு நடுவே நின்றார். அன்றிலிருந்து மலேசியாவின் கூலிமில் எங்கள் வீட்டு இரும்புக் கம்பிக் கதவு பூட்டியேதான் இருக்கும். ஹைடெக் தொழில் பூங்காவில் பார்த்த வேலையையும் விட்டாயிற்று. எல்லாரையும் சிரிக்க வைக்கிற ஆள் என்று எனக்கு ஊரில் பெயர். இப்போது என் ஜோக்கைக் கேட்க அம்மாவும் ஒரு பல்லியும்தான். பல்லியாவது எப்போதாவது உச்சுக்கொட்டும்.

எங்கள் தாமான் குடியிருப்பில் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் கேரல் பாடப் போகிற மாலை மட்டும் எனக்கு விடுதலை. கிட்டார் வாசிக்க வேறு ஆள் இல்லை. என் அளவுக்கு மோசமாக வாசிக்கவும் ஆள் இல்லை. பக்கத்து வீட்டில் பாய் இருக்கிறார், சாப்பாட்டுக் கடைக்காரர். அவர் மனைவி அம்மாவைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அந்த ஒரு மாலையை நம்பித்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். சட்டைக்கு இஸ்திரி போட்டேன். மீசைக்கு மை அடித்தேன். சாவியைத் தேடினால் காணோம். அம்மா எங்கோ ஒளித்துவிட்டார். அரிசிப் பானை, தலையணை உறை, கால் சப்பாத்து எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்தாயிற்று.

அதற்குள் கேரல் கூட்டம் வாசலுக்கே வந்துவிட்டது. பாட்டை நடத்தும் அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, கிளம்பலியா?"

"சாவியக் காணோம்க்கா. நீங்க போங்க. நான் உள்ள இருந்தே கைதட்டுறேன் லா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். தோளில் மாட்டிய கிட்டாரைக் கழற்றிச் சுவரில் சாய்த்தேன்.

அவர்கள் போகவில்லை. அங்கேயே நின்று பாட ஆரம்பித்தார்கள். அம்மா எழுந்து வந்தார். கம்பிக்குப் பின்னால் வரிசையாக முகங்கள்.

"ஐயோ பாவம். இம்புட்டுப் பேரையும் யாருடா அடைச்சு வெச்சது?"

"அவங்க வெளியதான்மா இருக்காங்க."

"சும்மா இருடா. அந்தப் பொண்ணு எப்படி அழுவுது பாரு."

அக்கா பாட்டின் உச்சத்தில் இருந்தார்.

அம்மா முறுக்கு டின்னை எடுத்து வந்து, ஒவ்வொன்றாகக் கம்பி வழியே நீட்டினார். "சாப்பிடு தாயி. அழுவாத, விட்டுருவாங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "பூட்டுனது யாரு? நீயா?"

இத்தனை நாளும் என்னை இப்படிப் பூட்டி வைத்துவிட்டதே விதி என்றுதான் புலம்பிக்கொண்டிருந்தேன்.

"ஆமாம்மா."

"தொறந்து விடுடா. பெத்தவங்க தேடுவாங்கல்ல."

பாயைக் கூப்பிட்டேன். பெரிய கட்டரோடு வந்தார்.

"புதுப் பூட்டுண்ணே!"

"வெட்டுங்க பாய்."

பூட்டு விழுந்ததும் எனக்கு முன்னால் அம்மா வெளியே போனார். அக்காவின் கையைப் பிடித்தார். "வா, உன்ன வீட்டுல விட்டுட்டு வரேன்."

நான் பயந்துபோய்த் தடுக்கப் போனேன்.

"வரட்டும் தம்பி," என்றார் அக்கா. "கைய நான் விடமாட்டேன்."

கிட்டாரைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். அடுத்த வீட்டு கேட் சாத்தியிருந்தது. அம்மா நின்றார்.

"இங்கயும் யாரையோ அடைச்சு வெச்சிருக்கானுங்கடா!"

இரண்டு கையாலும் கேட்டை உலுக்கினார், ஒரு கையில் அக்காவின் கையும் சேர்ந்தே இருந்தது. வீட்டுக்காரர் பதறி ஓடி வந்து திறந்தார்.