சேலத்துக்குப் போகாத பனிக்காலம்

ஐப்பசிக் கடைசியில் என் அண்ணன் சேலத்திலிருந்து மைசூருக்கு வந்தது என்னை அழைத்துப் போகத்தான். வந்த அன்று அதைச் சொல்லவில்லை. நான் குடியிருந்த ஒற்றை அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கூரையில் ஓடு உடைந்து வெளிச்சம் தெரிந்த இடங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். மறுநாள் காலை, காபி டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் பேச்சை எடுத்தார்.

“போன வருஷம் மூணு வாரம் படுக்கையில கிடந்தே. இந்தக் குளிர்ல இன்னொரு தடவை உன்னை விட்டுவைக்க முடியாது. தை வரைக்கும் லீவு எழுதிக் கொடுத்துட்டுக் கிளம்பு.”

அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. கல்யாணமாகி இரண்டாம் வருஷமே கணவர் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு டீச்சர் பயிற்சி முடித்து, மைசூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கன்னடத்தில் குளிருக்குச் ‘சளி’ என்று பெயர். தமிழில் சளி என்றால் நெஞ்சில் கட்டுவது. எனக்கு இரண்டும் ஒரே நாளில் வந்து சேரும். ஆகவே அண்ணன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. அண்ணிக்குத் தை மாதம் பிரசவம். வீட்டில் ஏற்கெனவே இரண்டு குழந்தைகள்.

“அண்ணிக்கு ஒத்தாசைக்கு ஆள் வேணும்னா அப்படியே கேளுங்க அண்ணா. என் நெஞ்சுமேல பழியைப் போடாதீங்க.”

அவர் முகம் சிவந்தது. “சரி, அதுவும்தான். வர்றியா, இல்லையா?”

“கோடை லீவு மொத்தமும் வந்து இருக்கேன். குளிர்ல வரமாட்டேன்.”

“இந்தக் குளிர்ல இங்க என்ன வெச்சிருக்கே?”

“எழுதப் போறேன்.”

கிண்டலாகச் சிரித்தாரா, புரியாமல் சிரித்தாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அன்று மதியமே ரயிலேறிவிட்டார்.

எழுதுவது என்றால் பெரிய காவியம் இல்லை. எங்கள் தமிழ் வாசகப் புத்தகம் சென்னையிலிருந்து வந்தது. அதில் கடல் உண்டு, கட்டுமரம் உண்டு, பனங்காடு உண்டு. என் வகுப்பில் கடலைப் பார்த்தவள் ஒருத்திகூட இல்லை. பருவங்களைப் பற்றிய பாடமோ, நம் நாட்டில் குளிர்காலம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது என்றது. போன மார்கழியில், காதுவரை சால்வை சுற்றிய ஒரு பெண் பல் கிடுகிடுக்க அந்த வரியை எழுந்து படித்தாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது. எங்கள் ஊர்க் குளிரை எங்கள் பிள்ளைகளுக்கு நானே எழுதித் தருகிறேன் என்று அன்றே தீர்மானித்தேன். ஆனால் உடனே நெஞ்சு அடைத்துப் படுத்துவிட்டதில் அந்தக் குளிர் முழுதும் வீணாகப் போயிருந்தது.

எனக்கு எழுத வாய்த்த காலமும் அதுதான். கோடையில் கை வியர்த்துத் தாள் ஒட்டிக்கொள்ளும். ஆடி ஆவணியில் ஈரத்தில் மை ஊறிப் பரவும். கார்த்திகை மழை விட்ட பிறகு வரும் இரண்டு மாதமும் தாள் மொடமொடவென்று இருக்கும், மை எழுதியவுடன் காயும். அந்த இரண்டு மாதத்தை நான் யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

கார்த்திகை பிறந்ததும் வங்காள விரிகுடாவில் புயல் என்று பத்திரிகையில் போட்டிருந்தது. மைசூரில் புயல் மரத்தைச் சாய்த்துக்கொண்டு வராது. மூன்று நான்கு நாள் கழித்து வானத்தை மூடிக்கொண்டு, விடாத தூறலும் சில்லென்ற காற்றுமாக வரும். போன வருஷம் மார்கழியில் அப்படி வந்த மழையில்தான் என் படுக்கை நனைந்தது, நானும் விழுந்தேன். ஓடு மாற்றுகிறவர் இதோ வருகிறேன், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் வீட்டுக்காரம்மாவின் ஏணியை எடுத்து நானே சுவரில் சாய்த்தேன்.

வீட்டுக்காரம்மா முன்பக்கத்து வீட்டில் இருந்தார். கன்னடக்காரர். குடியிருந்த தமிழர்களிடம் பழகித் தமிழ் பேசுவார். நான் பாதி ஏணியில் நிற்பதைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

“அய்யோ, பேட பேட, வேண்டாம்! எறங்கு கீழே! பொம்பளை கூரைமேல ஏறினா பார்க்கிறவங்க என்ன சொல்லுவாங்க?”

“பார்க்கிறவங்க வந்து என் படுக்கை நனையாம குடை பிடிப்பாங்களாம்மா?”

அவர் என்னை முறைத்தார். பிறகு ஏணியின் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “முதல்ல புடவையைக் கச்சம் போட்டுக் கட்டு. கால்ல சிக்கிச்சுன்னா ஆயித்து உன் கதை!”

உடைந்த ஓடுகளை உருவிவிட்டு, கொல்லையில் அடுக்கியிருந்த பழைய ஓடுகளைச் செருகினேன். எதிர்வீட்டுப் பெரியவர் வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். நான் அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு அடுத்த ஓட்டை எடுத்தேன். ஈரம் கசியும் மேற்குச் சுவரைவிட்டுக் கட்டிலை நகர்த்தினேன். விறகைக் கட்டிலுக்கடியில் அடுக்கினேன். கரி, மண்ணெண்ணெய், அரிசி வாங்கி வைத்தேன். தாளையும் மைப்புட்டியையும் டிரங்குப் பெட்டிக்குள் பூட்டினேன்.

மறுநாள் மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. இரண்டு இடத்தில் ஒழுகியது, பாத்திரம் வைத்தேன். படுக்கை நனையவில்லை. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து முதல் பாடத்தை எழுதினேன். கூரை இறவாரத்தில் ஒதுங்கிய காக்கை, காயாத பாவாடை, அடுப்புக்கு மேலே உலர்த்தியதால் புகை நாற்றத்தோடு வகுப்புக்கு வரும் ரவிக்கை, இவ்வளவுதான் பாடம்.

மழை விட்டதும் வானம் கழுவிவிட்டது போல ஆயிற்று. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கொல்லையில் வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து இருட்டும்வரை எழுதினேன். வீட்டுக்காரம்மா முறம் நிறைய அவரைக்காயைக் கொண்டுவந்து என்னருகே போடுவார். காயை உரித்து, ஊறவைத்த அவரைப் பருப்பைத் தோலிலிருந்து பிதுக்கி எடுப்பது அந்த ஊர்க் குளிர்காலத்தின் பெரிய வேலை.

“எழுது எழுதுன்னு என்னம்மா எழுதறே?”

“நீங்க அவரை பிதுக்கறதைத்தான்.”

“அதைப் போய் எழுதுவாங்களா!” என்றார். ஆனால் மறுநாள், பருப்பு எத்தனை நேரம் ஊறவேண்டும் என்று நான் எழுதியது தப்பு என்று சொல்லித் திருத்தினார்.

பனியைப் பற்றி எழுதப் பனியைப் பார்க்கவேண்டும் என்று விடியற்காலையில் ரயில் பாதைப் பக்கம் போய் நின்றேன். நஞ்சன்கூட்டிலிருந்து வரும் ரயில் ஊதுவது கேட்கும், ரயில் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து வாழைப்பழக் கூடைகள் மட்டும் வெள்ளைக்குள்ளிருந்து மிதந்து வரும். பிறகு கூடைக்கு அடியில் ஆட்கள் முளைப்பார்கள். ஐந்து நாள் போனேன். ஆறாம் நாள் மூச்சு விட முடியவில்லை.

குற்றம் குளிருடையது இல்லை, என்னுடையது. பத்து நாள் கட்டிலோடு கிடந்தேன். தலையணையை மடித்து வைத்து உட்கார்ந்தபடியே தூங்கினேன். வீட்டுக்காரம்மா யாரையோ பிடித்து அண்ணனுக்குக் கடிதம் எழுதிப் போட்டுவிட்டார். அண்ணன் வந்து நின்றார்.

“சொன்னேனா, இல்லையா?”

“சொன்னீங்க.”

“இப்பவாவது வர்றியா?”

“மாட்டேன்.”

அந்தச் சொல்லுக்கே இரண்டு தடவை மூச்சு வாங்கினேன். அவர் கஞ்சி வைத்துக் கொடுத்தார். மறுநாள் நல்ல வெயில். கட்டிலைக் கொல்லைக்குத் தூக்கிப் போட்டு என்னை உட்காரவைத்தார். செய்ய வேறு வேலை இல்லாததால் என் தாள்களை எடுத்துப் படித்தார். ரயில் பாடத்தில் நின்றுவிட்டார்.

“அந்த நேரத்துல பனியில போய் நின்னியா?”

“ஆமா.”

“பைத்தியம்,” என்றார். ஆனால் அடுத்த தாளைப் புரட்டினார். கடைசித் தாள்வரை படித்துவிட்டு, ஓரங்களைத் தட்டிச் சரிசெய்து என் மடியில் வைத்தார். அடுத்த நாள் தன் மஃப்ளரை எனக்கு விட்டுவிட்டுத் தனியாகத்தான் ஊருக்குப் போனார்.

கிறிஸ்துமஸ் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும் முதல் பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப் படிக்க வைத்தேன். அன்று மாலையே தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார்.

“புத்தகத்தில இல்லாத பாடம் எதுக்கு நடத்துறீங்க?”

“புத்தகத்தில குளிர்காலம் இல்லைங்களே, அதுக்குத்தான்.”

“குளிர்காலம் உண்டா இல்லையான்னு நீங்க தீர்மானிக்கிறதா?”

“நான் எங்கேம்மா தீர்மானிச்சேன்? குளிருதே!”

வகுப்பு நேரத்தில் நடத்தக்கூடாது என்று உத்தரவு போட்டார். சரி என்றேன். மறுநாள் மத்தியான இடைவேளையில் மைதானத்து வெயிலில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். முதல் நாள் எட்டுப் பிள்ளைகள். வாரக் கடைசியில் இரண்டு வகுப்பும் அங்கேதான் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தன. தலைமையாசிரியை வராந்தாவிலிருந்து பார்த்தார். இடைவேளைக்கு உத்தரவு எதுவும் போடவில்லை.

பிள்ளைகள் சும்மா கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ஒருத்தி எழுந்து, “டீச்சர், நீங்க குதிகால் வெடிப்பை எழுதவேயில்ல. எங்கம்மாவுக்கு நடக்கவே முடியல,” என்றாள். இன்னொருத்தி, காலையில் தண்ணீர்த் தொட்டியில் கைவிடுவதைப் பற்றி எழுதச் சொன்னாள். அந்த வாரமே இரண்டையும் எழுதினேன். தை முடிவதற்குள் பதினான்கு பாடம் சேர்ந்தது. பிள்ளைகள் தங்கள் நோட்டில் காப்பி எடுத்துக்கொண்டார்கள். அச்சில் வரவில்லை, நானும் யாரிடமும் கொண்டுபோய் நிற்கவில்லை.

அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவருடைய அம்மா வந்து பார்த்துக்கொண்டார். கோடை லீவு விட்டதும் சொன்ன சொல்படி சேலம் போனேன். உள்ளே நுழைந்ததும் அண்ணி குழந்தையை என் கையில் கொடுத்தார்.

“நீ வராததுல எனக்கு இன்னும் கோபம்தான்,” என்றார்.

“இருக்கட்டும் அண்ணி. நியாயம்தான்.”

“அடுத்த மார்கழிக்காவது வருவியா?”

“வரமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்,” என்று குழந்தைக்கு எண்ணெய் தேய்க்க உட்கார்ந்தேன்.